கைப்பையில் ஒரு பாதி

மஸாஹிராவின் எடிட்டிங் அறைக்குள் அவள் புருஷன் ஹபீஸுக்கே அனுமதி கிடையாது. தேத்தண்ணீர் கொண்டுவந்தால் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட வேண்டும். "சொந்த வீட்டுல வாடகைக்கு ஈக்கிற மாதிரி ஈக்கி" என்று முணுமுணுப்பான். ஆனால் கல்யாணம் கட்டிய பதினொரு வருஷத்தில் அந்தக் கதவை அவன் ஒரு நாளும் திறந்ததில்லை.

காரணம் இருக்கிறது. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கொழும்பு முழுக்க முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தைப் படம்பிடிப்பவள் அவள். ஆண்கள் பக்கத்துக்குக் கமராக்காரர்கள் நான் முந்தி, நீ முந்தி என்று வருவார்கள். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம், ஹபாயாவைக் கழற்றி வைத்துவிட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சிரிக்கிற பக்கத்துக்கு மஸாஹிராதான். வாசலிலேயே எல்லோருடைய போனையும் வாங்கிக் கூடையில் போட்டுவிடுவார்கள். உள்ளே நடப்பதற்கு அவளுடைய கமராவைத் தவிர வேறு சாட்சி கிடையாது. வேலை முடிந்து படத்தைக் கொடுக்கும்போது மணப்பெண்ணின் உம்மா ஒரு கேள்வி கேட்பாள். யார் சொல்லிக் கொடுத்ததோ, எல்லா உம்மாக்களும் அதையேதான் கேட்பார்கள்: "ஒரு ஆம்புளக் கைக்கும் போவல்லியே?"

"போவல்ல" என்பாள் மஸாஹிரா. அந்த ஒற்றைச் சொல்லில்தான் அவள் பிழைப்பு ஓடியது.

இன்னொரு வழக்கமும் உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் உம்மாக்காரி இவள் வீட்டுக்கே வந்து உட்காருவாள். கமரா கார்டுகளில் உள்ளதெல்லாம் கம்ப்யூட்டருக்கு ஏறும். ஏறி முடிந்ததும் அவள் கண் முன்னாலேயே கார்டுகளை அழித்துவிட வேண்டும். நகத்தளவு சாமான், எங்கே விழும், எவன் எடுப்பான் என்ற பயம் அவர்களுக்கு. முன்பெல்லாம் அது ஏற ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். வந்தவள் தேத்தண்ணீர் குடித்து, பிஸ்கட் தின்று, சம்பந்தி வீட்டாரைப் பற்றி ஒரு பாட்டம் குறை சொல்லி முடிப்பதற்குள், மஸாஹிரா பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இரண்டாவது பிரதியும் எடுத்துவிடுவாள். திட்டம் போட்டுச் செய்த காரியமல்ல. நேரம் சும்மா கிடந்தது, செய்தாள்.

அந்த நேரத்தைத்தான் போன மாதம் சல்லி கொடுத்துத் தொலைத்தாள்.

புதுக் கமரா பிடிக்கிற படங்கள் கனம் கூடியவை. அவளுடைய கம்ப்யூட்டர் அவற்றைத் திறந்தால் விக்கி விக்கித்தான் ஓட்டும். பம்பலப்பிட்டியில் மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் கடைகளாக இருக்கும் கட்டிடம் ஒன்றுக்குப் போய், வேகமான எஸ்எஸ்டி டிரைவ் வேண்டும் என்றாள். கடைக்காரர் பெட்டியில் புலிப்படம் போட்ட, பெயர் கேள்விப்படாத கம்பெனியின் டிரைவ்கள் இரண்டை எடுத்து வைத்துச் சிங்களத்தில் சொன்னார். "தெகம எகட தாலா ரெய்ட் கரன்ன மிஸ். ஸ்பீட் எக டபள்!" இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டால் வேகம் இரட்டிப்பாம். உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்த இரண்டையும் அவள் ஆசையோடு வாங்கி வந்தாள்.

சேர்த்ததும் அவளேதான். ஒரு படம் வந்தால் கம்ப்யூட்டர் அதைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒரு துண்டை இதிலும் அடுத்த துண்டை அதிலுமாக மாறி மாறி எழுதும். இரண்டு கையாலும் அள்ளுகிற மாதிரி. அதுதான் வேகம். ஒரே படத்தை இரண்டிலும் முழுதாக எழுதுகிற இன்னொரு வழியையும் திரை காட்டியது. அதில் பாதுகாப்பு உண்டு, வேகம் இல்லை. ஒரு டிரைவ் பழுதானால் எல்லாமே போய்விடும் என்று கடைசியில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. யார் அதையெல்லாம் வாசிக்கிறார்கள்? அவளும் வாசிக்காமல் சரி என்று அழுத்தினாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்தாள்.

கொட்டாஞ்சேனை ருக்கியா மாமியின் மகள் பர்ஹாவின் கல்யாணம்தான் புது டிரைவ்களில் ஏறிய முதல் கல்யாணம். மறுநாள் காலை ருக்கியா மாமி வந்து உட்கார்ந்தாள். கண்டிப்பான மனுசி. மகளுக்குப் பத்து வயதானதிலிருந்து ஒரு படம் எடுக்க விட்டதில்லை, பாஸ்போட்டுக்கு எடுத்ததைத் தவிர. கார்டைச் செருகியதும் படங்கள் தண்ணீராய் இறங்கின. தேத்தண்ணீர் கொதித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அதுக்குள்ளயா?" என்றாள் மாமி.

"புது சாமான் மாமி" என்றாள் மஸாஹிரா, பெருமை தாங்காமல். அந்தப் பெருமையோடேயே கார்டுகளையும் அழித்தாள். மாமி தேத்தண்ணீரை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். இரண்டாவது பிரதியை ஆறுதலாக எடுக்கலாம் என்று மஸாஹிரா நினைத்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று கிழமை ஓடிவிட்டது.

திங்கட்கிழமை மத்தியானம், லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்பு அது நடந்தது. வேலை முடிகிற கட்டம். மகளைச் சுற்றிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, அந்தக் கண்டிப்பான ருக்கியா மாமி கைதட்டிப் பாட்டுப் படிக்கிறாள், பர்ஹா வெட்கத்தில் முகத்தைப் பொத்திச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பின் நடுவில் படம் நின்றது. மஸாஹிரா காத்திருந்தாள். திரை கறுத்தது. நிறுத்தித் திரும்பப் போட்டாள். ஒரு டிரைவ் நல்லது என்று காட்டியது. மற்றதைக் காணவில்லை. இரண்டும் சேர்ந்திருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

வெள்ளிக்கிழமை பர்ஹா புருஷனோடு மெல்பேர்ன் போகிறாள். வியாழன் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ருக்கியா மாமி வீட்டில் பெண்களெல்லாம் கூடிப் படம் பார்ப்பதாக ஏற்பாடு. கார்டு அழிந்துவிட்டது. அன்று போன்களெல்லாம் கூடையில் கிடந்தன. அந்தக் கல்யாணத்தின் பெண்கள் பக்கம் உலகத்தில் வேறெங்கும் இல்லை.

இரண்டு தட்டுக் கேட்டது. மஸாஹிரா எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்தாள். ஹபீஸ் தேத்தண்ணீர்க் கோப்பையோடு மிரண்டு நின்றான்.

"என்ன புள்ள, மூஞ்செல்லாம் வெளுத்து?"

சொன்னாள். அவன் நிம்மதியாக மூச்சு விட்டான். "இதுக்கா இந்தப் பாடு? பழய டிஸ்க்ல ஒண்டு போட்டு வச்சிருப்பீங்களே."

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவனுக்கு விளங்கியது. கோப்பையை ஸ்டூலில் வைத்தான்.

"கொட்டாஞ்சேனையில நாகமணி எண்டு ஒத்தர் ஈக்கி. செத்த டிஸ்க்ல இருந்தும் எடுத்துத் தாராராம்" என்றான் மெதுவாக.

"ஆம்புள."

"இந்த வேல செய்ற பொம்புள ஒத்தரையும் எனக்குத் தெரியா. ஒங்களுக்குத் தெரியுமா?"

அவளுக்கும் தெரியாது. பின்னேரம் வரை நாலைந்து பேருக்குப் போன் எடுத்துக் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் ஆண்கள் பெயரையே சொன்னார்கள். கொடுத்தால் இரண்டு குடும்பத்துப் பெண்கள் தலை திறந்து சிரிக்கிற படம் ஓர் அந்நிய ஆணின் மேசையில் ஓடும். கொடுக்காவிட்டால் ருக்கியா மாமியிடம் போய் உங்கள் மகளின் கல்யாணப் படம் இல்லை என்று சொல்ல வேண்டும். முன்னே போனால் கடிக்கும், பின்னே வந்தால் உதைக்கும். இரண்டு டிரைவையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். வலது கையில் நல்லது, இடது கையில் கெட்டது. கடற்கரை ரயில் போய் வீடு அதிர்ந்து அடங்கியபோதுதான் அந்த யோசனை வந்தது. படம் இந்தக் கையிலும் இல்லை, அந்தக் கையிலும் இல்லை. பாதி பாதியாக அல்லவா கிடக்கிறது?

நாகமணிக்குப் போன் எடுத்தாள். "அண்ணன், கெட்டத மட்டும் தந்தா, நல்லது இல்லாம, ஒங்களுக்குப் படம் தெரியுமா?"

"ஒண்டை வச்சு என்னத்தப் பாக்கிறது மிஸ்?" என்றது சலித்த குரல். "ஒரு வரி விட்டு ஒரு வரி கிழிச்ச கடிதம் மாதிரி. வெறும் குப்பை."

அந்தக் குப்பை என்ற சொல்லைக் கேட்டுத்தான் அவளுக்கு உயிர் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில் போனாள். கெட்டதைத் துணியில் சுற்றி ஒரு பையில் வைத்தாள். நல்லதைக் கைப்பையில் போட்டு, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம். பக்கத்தில் உட்கார்ந்தவன் இருமினாலும் பையை இழுத்து அணைத்தாள். நாகமணியின் கடை ருக்கியா மாமி வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் என்பது இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகத்திரையைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தத் தெருவில் கறுப்பு ஹபாயா போட்ட ஒவ்வொருத்தியும் அவளுக்கு ருக்கியா மாமியாகத் தெரிந்தாள்.

நாகமணி ஐம்பது வயது மதிக்கத்தக்க, சிரிக்கத் தெரியாத மனிதர். டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "புலி மார்க்கா? நல்ல புலிதான்" என்றார். "மற்றதையும் எடுங்க. ரெண்டையும் சேத்துப் பாத்தாத்தான் சரியா வந்திச்சோ எண்டு சொல்லலாம்."

"மத்தது தர ஏலா."

"அப்ப நான் பொறுப்பில்ல. இதில எடுக்கக்கூடியத புது டிரைவ் ஒண்டில அப்பிடியே இறக்கித் தருவன். சேருமோ சேராதோ உங்கட பாடு." பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன இருக்கு இதில?"

அவள் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். "ஒண்டு சொல்லோணும் மிஸ். வீடியோ தெரியாது, அது உண்மை. ஆனா உங்கட எடிட்டிங் சொப்ட்வெயார் தன்ர வசதிக்கு முத்திரை அளவில குட்டிக் குட்டிப் படம் எடுத்து வச்சிருக்கும். அது ஒரு துண்டுக்குள்ளேயே அடங்கிரும். தேடினா அது முழுசாத் தெரியும்."

ஆயிரக்கணக்கில் இருக்குமே அந்தக் குட்டிப் படங்கள்! திருப்பித் தாருங்கள் என்று கையை நீட்டினாள்.

நாகமணி எழும்பினார். தன்னுடைய மொனிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். நகல் எடுக்கிற சின்னப் பெட்டியை அவள் கண்ணுக்கெதிரே மேசை நடுவில் வைத்து, ஒரு பக்கம் புலியையும் மறு பக்கம் புது டிரைவையும் செருகினார். பெட்டியில் திரை என்று ஒன்றுமில்லை. நூற்றுக்கு எத்தனை வீதம் முடிந்தது என்று காட்டும் இலக்கம் மட்டும்தான். "என்ர கம்ப்யூட்டருக்கு வயரே இல்ல, பாத்துக்கொள்ளுங்க. எனக்கு நம்பர் ஓடினாப் போதும். தேடிப் பாக்க எனக்கு வேற வேல இல்லையா?"

நம்புவதா, இல்லையா? அவள் நம்பினாள் என்று சொல்ல முடியாது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கடை பூட்டும் நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த பெட்டியை மின் வயரோடு அவளே இழுப்பறையில் வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆமைப்பூட்டைப் போட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டாள். நாகமணி உதட்டைச் சுழித்தார். மறுநாள் கடை திறக்குமுன்பே வந்து வாசலில் நின்றாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு இலக்கம் அறுபத்தொன்றில் நின்றது. அரை மணித்தியாலம் அசையவில்லை. நாகமணி மேசை விசிறியை அதன் முகத்துக்கு நேரே வைத்தார். அவள் அறுபத்தொன்றைப் பார்த்தபடி தெரிந்த துஆவெல்லாம் ஓதினாள். அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. ருக்கியா மாமி.

"மகள், நாளைக்கு எத்தின மணிக்கு வார? எங்க ஈக்கிற இப்ப?"

"வீட்டுல மாமி. எடிட் செஞ்சிட்டு ஈக்கிறன்."

"முப்பது பேருக்கு மேல வருவாங்க மகள்" என்றது போன். "இந்தப் பப்பாசி என்ன வெல?" என்றது அதே குரல், போனிலும் வெளியே தெருவிலுமாக.

மஸாஹிரா தலையைத் திருப்பினாள். கடை வாசலுக்கு நேரெதிரே பழ வண்டி. அதன் முன்னால், போனைக் காதில் அணைத்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு ருக்கியா மாமி. மஸாஹிரா கதிரையிலிருந்து வழுக்கி மேசைக்கு அடியில் போய்க் குந்தினாள். முப்பத்தாறு வயதுப் பெண், ஒரு ஆம்பிளையின் கடையில், மேசைக்கடியில், கைப்பையைக் கட்டிப் பிடித்தபடி.

"சத்தத்தக் காணல்ல மகள்?"

"ஈக்கிறன் மாமி. நாளைக்கு அஸருக்கு வாரன்."

மாமி பப்பாசிக்குப் பேரம் பேசி முடித்துப் போனாள். நாகமணி கால்களை ஒதுக்கிக்கொண்டு கதிரையிலேயே இருந்தார், குனிந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்து, "அறுபத்திரண்டு" என்றார்.

நாலு மணிக்கு முடிந்தது. "சில இடம் வாசிக்க ஏலாமப் போச்சு. அங்கங்க பச்சைக் கட்டம் விழும்" என்று புதியதையும் பழையதையும் அவள் கையில் கொடுத்தார். உள்ளே எதுவும் மிச்சமில்லை என்று பெட்டியையும் திறந்து காட்டினார், அவள் கேட்காமலேயே.

வியாழன் காலை கதவைப் பூட்டிக்கொண்டு, கைப்பையிலிருந்த பாதியையும் நாகமணி தந்த பாதியையும் கம்ப்யூட்டரில் செருகினாள். கம்ப்யூட்டரைப் போடும் ஆளியின் மேல் விரலை வைத்தாள். ஹபீஸ் வெளியே நின்று எதுவும் கேட்காமல் கதவை இரண்டு தரம் தட்டினான். போட்டாள். காணாமல் போன டிரைவின் எழுத்து திரையில் வந்தது, போல்டர்கள் வந்தன, ருக்கியா மாமி கைதட்டிப் பாடினாள். மாமியின் தோளில் ஒரு பச்சைக் கட்டம் விழுந்து மறைந்தது. பர்ஹா முகத்தைப் பொத்திச் சிரித்தாள். இந்த முறை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை, முடியும் வரைக்கும் ஓடியது. முதல் வேலையாகப் பழைய ஹார்ட் டிஸ்கில் அத்தனையையும் பிரதி எடுத்துவிட்டுத்தான் மஸாஹிரா மூச்சு விட்டாள்.

பின்னேரம் ருக்கியா மாமி வீட்டில் படம் ஓடியது. பெண்கள் சிரித்தார்கள், மாமி பாடுகிற இடத்தில் திரும்பப் போடு, திரும்பப் போடு என்று கத்தினார்கள். முடிவில் பர்ஹா உம்மாவின் மடியில் முகம் புதைத்துத் தேம்பினாள். யாரும் பச்சைக் கட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தப்பித்துவிட்டோம் என்று மஸாஹிரா நினைத்தாள்.

எல்லோரும் போன பிறகு மாமி அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். மஸாஹிரா படம் இருந்த பென்டிரைவை அவள் கையில் கொடுத்தாள். பிறகு, படத்தைக் கொடுத்ததும் பிரதியையும் அழித்துவிடும் வழக்கப்படி, தன்னிடம் இருந்ததை மாமியின் கண் முன்னால் அழிப்பதற்காக லேப்டொப்பில் பழைய டிஸ்கைச் செருகினாள். மாமி கட்டிலில் உட்கார்ந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஒரு ஆம்புளக் கைக்கும் போவல்லியே மகள்?"

ஒரு சொல். பதினொரு வருஷமாகச் சொன்ன சொல். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இதைப் பொய்யாகச் சொன்னால், இனி எந்த வீட்டில் சொன்னாலும் அது பொய்யாகத்தான் இருக்கும். திங்கட்கிழமையிலிருந்து பட்ட பயமெல்லாம் ஒன்றுமில்லை, பயம் என்றால் இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"போன, மாமி. ஒரு ஆம்புளக் கைக்குப் போன" என்றாள்.

மாமியின் முகம் இறுகியது. மஸாஹிரா நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது. புலி மார்க்கை, எடுக்காமல் விட்ட பிரதியை, நாகமணியை, கைப்பையில் இருந்த பாதியை, மேசைக்கடியில் ஒளிந்ததை எல்லாம் கொட்டினாள். "வீடியோ அவருக்குத் தெரிஞ்சிருக்காது மாமி, சத்தியமா. குட்டிப் படம் கொஞ்சம் முழுசா ஈந்திருக்கும். பாக்கல்ல எண்டு அவர் செல்ற. நான் பக்கத்துலயே ஈந்த. அதுக்கு மேல எனக்குத் தெரியா."

கூடத்தில் பர்ஹாவின் சூட்கேஸ்களை யாரோ நிறுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"அப்ப, திங்கக்கிழம இது இல்லாமப் போயிருந்த?"

"ஓம் மாமி."

"ஒண்டும்?"

"ஒண்டும்."

மாமி தலையைக் குனிந்துகொண்டாள். மஸாஹிரா டிஸ்கில் இருந்த போல்டரைத் தெரிவு செய்து, அழிப்பதற்கு விரலைக் கொண்டுபோனாள். மாமியின் கை பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வலித்தது, அவ்வளவு இறுக்கம்.

"இரி."

"மாமி, வழக்கம்—"

"எவனும் பாத்தா நான் அல்லாட்ட பதில் செல்லுவன். படமே இல்லாமப் போனா எண்ட புள்ளய நான் எங்க போய்ப் பாக்கிற?" மாமியின் குரல் உடைந்தது. "பத்து வயசுல இருந்து ஒரு படம் எடுக்க உடல்ல நான். பயம், பயம் எண்டு. நாளைக்கு அவ போனா எனக்கு வேற என்ன ஈக்கி?"

மஸாஹிராவுக்கு அழுகை வந்தது. மாமி கையை விடவில்லை.

"இது ஒன்ட ஊட்டுல ஈக்கட்டும்" என்றாள். "இன்னொண்டுலயும் போட்டு எனக்குத் தா. பாதி பாதியா வாணாம் மகள். முழுசாப் போடு."